செய்தியும் ஒரு சாட்சியம்தான்!

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



2020 ஏப்ரல் மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஊரடங்கு. பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. ஜும்ஆ இல்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாம் தொலைக்காட்சியைத் திறந்தால், பல சேனல்களில் ஒரே பேச்சு: டில்லி நிஜாமுத்தீன் மர்கஸ், தப்லீக் ஜமாஅத். சிலர் "கொரோனா ஜிஹாத்" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நோய்க்கு மதம் கிடையாது. ஆனால் நம் நாட்டுச் செய்தியில் அதற்கு ஒரு மதம் கிடைத்துவிட்டது.

அந்த வலியை மீண்டும் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு செய்தி எப்போது அமானிதமாகிறது, எப்போது அநியாயமாகிறது? செய்தி சொல்பவருக்குச் சுதந்திரம் ஏன் வேண்டும்? அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை எது? இந்த வாரம் இவற்றைச் சற்று சிந்திப்போம். கையில் ஒரு போன் இருக்கிற ஒவ்வொருவரும் இன்று செய்தி சொல்பவர்தான். ஆகவே இது எங்கோ டில்லியில் இருக்கும் பத்திரிகையாளர்களுக்கு மட்டுமான பாடம் அல்ல, நமக்கும் சேர்த்துத்தான்.

மதீனாவில் பரவிய ஒரு செய்தி

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஓர் அன்சாரித் தோழர் பக்கத்து வீட்டுக்காரர். இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவர் நபி (ஸல்) அவர்களின் சபைக்குப் போய், அன்று நடந்ததையும் வஹீ இறங்கியிருந்தால் அதையும் வந்து சொல்வார். மறுநாள் அவர் போவார். இது புகாரியில் வருகிறது.

ஒரு நாள் இரவு அந்த அன்சாரித் தோழர் வந்து உமர் (ரலி) அவர்களின் கதவைப் பலமாகத் தட்டினார். பெரிய விஷயம் ஒன்று நடந்துவிட்டது என்றார். கஸ்ஸான் கூட்டத்தார் படை திரட்டுவதாக அப்போது பேச்சு இருந்தது. அவர்கள் வந்துவிட்டார்களா என்று உமர் (ரலி) கேட்டார்கள். இல்லை, அதைவிடப் பெரியது, நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரை விவாகரத்துச் செய்துவிட்டார்கள் என்றார் அவர்.

உமர் (ரலி) அவர்களின் மகள் ஹஃப்ஸா (ரலி) நபி (ஸல்) அவர்களின் மனைவியரில் ஒருவர். எனவே இந்தச் செய்தி அவர்கள் சொந்த வீட்டைத் தாக்கும் செய்தி. ஆனாலும் அவர்கள் அதை அப்படியே நம்பி உட்கார்ந்துவிடவில்லை. இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லவும் இல்லை. விடிந்ததும் புறப்பட்டுப் போனார்கள். மகளிடம் கேட்டார்கள், மகளுக்குத் தெரியவில்லை. பள்ளிவாசலில் மக்கள் கவலையோடு கூடியிருந்தார்கள். அனைவர் வாயிலும் இதே பேச்சு. நபி (ஸல்) அவர்கள் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார்கள். வாசலில் இருந்த ஊழியர் மூலம் அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. மீண்டும் கேட்டார்கள். அனுமதி கிடைத்து உள்ளே சென்றதும் நேரடியாகக் கேட்டார்கள்: தாங்கள் மனைவியரை விவாகரத்துச் செய்துவிட்டீர்களா? இல்லை என்று பதில் வந்தது.

நடந்தது என்ன? நபி (ஸல்) அவர்கள் மனைவியரை விட்டு ஒரு மாத காலம் விலகி இருந்தார்கள். அது உண்மை. அதைப் பார்த்த மக்கள் விவாகரத்து என்று ஊகித்துக்கொண்டார்கள். அது பொய்.

ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்பில் இதற்குப் பிறகு நடந்ததும் வருகிறது. இந்த உண்மையை மக்களிடம் சொல்லட்டுமா என்று உமர் (ரலி) நபியவர்களிடம் அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைத்ததும் இறங்கி வந்து, பள்ளிவாசலின் வாசலில் நின்று, உரத்த குரலில், விவாகரத்து நடக்கவில்லை என்று அறிவித்தார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 83-ஆவது வசனம் இந்த நிகழ்ச்சியை ஒட்டி இறங்கியதாகவும் அதில் உள்ளது. பாதுகாப்பையோ அச்சத்தையோ பற்றிய செய்தி வந்தவுடன் பரப்பிவிடாமல், விவரம் அறிந்தவர்களிடம் கொண்டுபோய் உண்மையைக் கண்டறிய வேண்டும் என்பதே அந்த வசனம் கற்றுத்தரும் பாடம்.

இதில் இருக்கும் நான்கு பாடங்கள்

முதலாவது: செய்தி கொண்டு வந்தவர் பாவி அல்ல, பொய்யரும் அல்ல, ஒரு ஸஹாபி. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆவது வசனத்தில், தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். இந்த நிகழ்ச்சியோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. நல்லவர்கூட நல்ல எண்ணத்தோடு தவறான செய்தியைக் கொண்டு வரக்கூடும். "அனுப்பியவர் தொழுகையாளி, அவர் பொய் சொல்ல மாட்டார்" என்பது செய்திக்கு ஆதாரம் ஆகாது.

இரண்டாவது: நடந்தது வேறு, அதிலிருந்து நாம் ஊகிப்பது வேறு. விலகி இருந்தது நிகழ்வு, விவாகரத்து ஊகம். ஊகத்தை நிகழ்வாக்கிச் சொல்லும்போது செய்தி கெட்டுப்போகிறது.

மூன்றாவது: சம்பந்தப்பட்டவரிடமே போய்க் கேட்க வேண்டும். அதற்கு அலைச்சல் உண்டு, காத்திருப்பு உண்டு. வாசலில் மறுக்கப்பட்டாலும் மீண்டும் கேட்க வேண்டும்.

நான்காவது: வதந்தி எங்கே பரவியதோ அங்கேயே, அதே மக்கள் கேட்கும்படி உரத்த குரலில் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்று பொய் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வருகிறது. திருத்தம் எங்கோ மூலையில், பொடி எழுத்தில் வருகிறது. சில நேரம் வருவதே இல்லை.

2020-ல் நடந்தது என்ன?

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு 2020-ஐப் பாருங்கள். அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆவது வசனம், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புக்கூட நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்கிறது. எனவே நாமும் நீதியாகவே பேசுவோம். மார்ச் மாதத்தில் மர்கஸில் மக்கள் கூடியிருந்தது உண்மை. அவர்களில் பலருக்கு நோய்த்தொற்று இருந்ததும், அது பல மாநிலங்களுக்குச் சென்றதும் உண்மை. அதைச் செய்தியாகச் சொன்னவர் மீது குற்றமில்லை. எச்சரிக்க வேண்டியது பத்திரிகையின் கடமை.

ஆனால் நடந்தது அத்துடன் நிற்கவில்லை. தொற்று இருந்தது என்பது நிகழ்வு. வேண்டுமென்றே பரப்பினார்கள் என்பது ஊகம். ஊகமே தலைப்பானது. மும்பையில் விசாரணைக் கைதி ஒருவர் காவலர்கள் மீது துப்பிய பழைய காட்சியைத் தப்லீக் ஜமாஅத்தார் துப்புவதாகச் சொல்லிச் சுற்றில் விட்டார்கள். உண்மை கண்டறியும் தளங்கள் அதைப் பொய் என்று காட்டிய பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்தது. விளைவு என்ன? வடநாட்டில் பல ஊர்களில் காய்கறி விற்கும் ஏழை முஸ்லிம்களிடம் பெயர் கேட்டுத் தெருவை விட்டு விரட்டினார்கள். ஸ்டூடியோவில் ஒருவர் சொன்ன சொல், தள்ளுவண்டிக்காரரின் அன்றைய உணவைப் பறித்தது.

பிறகு நீதிமன்றங்கள் பேசின. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டினர் மீதான வழக்கை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றும், அச்சு ஊடகத்திலும் மின்னணு ஊடகத்திலும் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று டில்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டினரை விடுதலை செய்தது. வெளிநாட்டினருக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளை டில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது தேதி 2025 ஜூலை 17. ஐந்து ஆண்டுகள்! குற்றச்சாட்டை இரவு பகலாகச் சொன்ன சேனல்களில் எத்தனை, இந்தத் தீர்ப்புகளை அதே குரலில், அதே நேர அளவில் சொன்னன? வாசலில் நின்று உரக்க அறிவித்த உமர் (ரலி) எங்கே, இவர்கள் எங்கே!

இது முஸ்லிம்களின் மனக்குறை மட்டுமல்ல. ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் தொடர்ந்த வழக்கில், 2021 செப்டம்பர் 2 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா, ஊடகத்தின் ஒரு பகுதி எல்லாவற்றுக்கும் மதச்சாயம் பூசுகிறது, இதனால் நாட்டுக்கே கெட்ட பெயர் என்று வேதனைப்பட்டார்.

வாயைக் கட்டினால் தீருமா?

இப்படிப் பொய் சொல்பவர்களின் வாயை அரசாங்கம் கட்டிவிட்டால் நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் நிதானம் வேண்டும். பத்திரிகையின் வாயைக் கட்டும் அதிகாரத்தை யாரிடம் கொடுத்தாலும், அது முதலில் கட்டுவது உண்மை சொல்பவரின் வாயைத்தான்.

நபி (ஸல்) அவர்கள், அநீதி இழைக்கும் ஆட்சியாளர் முன் சொல்லப்படும் நீதியான வார்த்தையை மிகச் சிறந்த ஜிஹாதாகக் குறிப்பிட்டார்கள். அபூதாவூத், திர்மிதி நூல்களில் இது உள்ளது. அந்நிஸா அத்தியாயத்தின் 148-ஆவது வசனம், தீய சொல்லைப் பகிரங்கமாகச் சொல்வதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறிவிட்டு, அநீதி இழைக்கப்பட்டவருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. பாதிக்கப்பட்டவர் கத்தலாம், அவர் குரல் கேட்கப்பட வேண்டும். புறம் பேசுவது ஹராம் என்ற மார்க்கம்தான், அநியாயத்தைப் பற்றி முறையிடவும், தீமையைத் தடுக்க உதவி தேடவும், மக்களை எச்சரிக்கவும் பிறர் குறையைச் சொல்ல இடம் தருகிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் இப்படி ஆறு இடங்களைக் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். ஆக, எந்தக் குறையை வெளியே சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்ற இதழியல் சட்டம் நம்மிடம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

நம் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. பத்திரிகை என்ற சொல் அதில் இல்லை. ஆனால் பத்திரிகைச் சுதந்திரமும் அதற்குள் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அதற்குக் காரணமான ஆரம்ப வழக்குகளில் ஒன்று நம் மண்ணைச் சேர்ந்தது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஏட்டை அன்றைய மதராஸ் அரசு தன் மாகாணத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1950-ல் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

சட்டம் இப்படி இருந்தும் களம் வேறாக இருக்கிறது. கேரளத்துப் பத்திரிகையாளர் சித்தீக் காப்பன், ஹாத்ரஸில் கொடூரத்துக்கு ஆளாகி இறந்த தலித் பெண்ணின் செய்தியைச் சேகரிக்கப் புறப்பட்டார். 2020 அக்டோபர் 5 அன்று மதுராவில் வழியிலேயே கைது. உபா சட்டம் பாய்ந்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. இன்னொரு வழக்கு இருந்ததால் வெளியே வந்தது 2023 பிப்ரவரி 2 அன்று. இரண்டு ஆண்டுக்கும் மேலாகச் சிறை. உண்மை கண்டறியும் பணியைச் செய்யும் முஹம்மத் ஸுபைர், 2018-ல் போட்ட ஒரு ட்விட்டர் பதிவுக்காக 2022 ஜூனில் கைது செய்யப்பட்டார்.

முஸ்லிம்கள் மட்டும்தானா? இல்லை. கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூருவில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் சாலைப் பணி ஊழலை வெளியே கொண்டுவந்த இளம் நிருபர் முகேஷ் சந்திராகரின் உடல், 2025 ஜனவரி 3 அன்று கழிவுநீர்த் தொட்டி ஒன்றுக்குள் கிடைத்தது. நம்மவர் பாதிக்கப்பட்டால் மட்டும் துடிப்பது நீதி அல்ல. எந்த மதத்தவராக இருந்தாலும், மக்களுக்காக உண்மையைச் சொல்லி உயிர் இழந்தவர் விஷயத்தில் நாமும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2025-ல் 180 நாடுகளில் இந்தியா 151-ஆவது இடம். இதற்கிடையே ஆறுதலும் உண்டு. பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி மலையாள 'மீடியா ஒன்' சேனலின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த அரசின் உத்தரவை, 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசை விமர்சிப்பதாலேயே ஒரு சேனல் நாட்டுக்கு எதிரானது ஆகிவிடாது என்று தெளிவுபடுத்தியது.

காசுக்கு விற்கப்படும் சாட்சியம்

வாயைக் கட்டுவதற்குச் சிறை மட்டும் வழியல்ல; பணமும் ஒரு வழி. அரசு விளம்பரத்தை நம்பி நிற்கும் பத்திரிகை, அந்த விளம்பரம் நின்றுவிடுமோ என்று அஞ்சி எழுத வேண்டியதை எழுதாமல் விடுகிறது. 2009 தேர்தல்களின்போது வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, விளம்பரத்தைச் செய்தி போலவே அச்சிட்ட விவகாரத்தை இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் துணைக் குழுவே விசாரித்தது. "பெய்ட் நியூஸ்" என்ற பெயர் அப்போதுதான் நாடெங்கும் பரவியது. ஊர் மட்டத்தில் செய்தியாளர் கூட்டத்தில் கொடுக்கப்படும் "கவர்" பற்றி உங்களுக்கே தெரியும். பத்திரிகைக் கவுன்சில் கண்டிக்கலாம், எச்சரிக்கலாம். அபராதம்கூட விதிக்க முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்புக்குள்ளேயே வராது.

மார்க்கத்தில் இதற்குப் பெயர் என்ன? அல்பகரா அத்தியாயத்தின் 283-ஆவது வசனம், சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்கிறது. காசு வாங்கிக்கொண்டு சொல்வது லஞ்சம். காசுக்காகச் சொல்லாமல் விடுவது சாட்சியத்தை மறைப்பது. பெரும் பாவங்களைச் சொல்லிக்கொண்டு வந்த நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியத்தைப் பற்றி எச்சரித்தார்கள். இனி போதும், நிறுத்திக்கொள்ள மாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது இருக்கிறது.

புகாரியில் இன்னொரு செய்தி. நபி (ஸல்) அவர்களுக்குக் கனவில் காட்டப்பட்ட தண்டனைகளில் ஒன்று, ஒரு மனிதனின் வாயை இரும்புக் கொக்கியால் பிடரி வரை கிழிப்பது. ஒரு பக்கம் கிழித்து மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் ஆறிவிடும், மறுபடி கிழிக்கப்படும். அவன் யார்? அவன் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு பொய் சொல்வான். அது திக்கெங்கும் பரவிவிடும். அந்தக் காலத்தில் ஒருவன் சொல்லும் பொய் திக்கெங்கும் பரவ எத்தனை நாள் ஆகியிருக்கும்! இன்று ஒரு விரலின் அசைவு போதும்.

இப்போது நம் பக்கம் வருவோம்

சேனல்களைக் குறை சொல்வது எளிது. நம் வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்து பார்ப்போமா?

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. நம் குழுக்களிலும் அது சுற்றியது. பயந்துபோய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி வேண்டாம் என்ற பெற்றோர் எத்தனை பேர்! அனுப்பியவர் யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. அந்த அன்சாரித் தோழரைப் போல, பதறிப்போய்க் கதவைத் தட்டியவர்கள்தான். ஆனால் விடிந்ததும் புறப்பட்டுப் போய்க் கேட்ட உமர்கள் நம்மிடம் குறைவாக இருந்தார்கள்.

காதில் விழுந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்தார்கள். பொய்யைப் புதிதாக உண்டாக்கியவர் மட்டுமல்ல, வந்ததை வடிகட்டாமல் கடத்தியவரும் அந்தப் பட்டியலில் வருகிறார். 2020-ல் நம்மைச் சுட்ட நெருப்பு இதுதான். அதே நெருப்பை நாம் வேறொருவர் வீட்டில் போடலாமா? ஜமாஅத் தேர்தல் வந்தால் எதிரணி நிர்வாகியைப் பற்றி, மத்ஹபு பிரச்சினை வந்தால் மாற்றுக் கருத்து உடைய ஆலிமைப் பற்றி, சகோதர சமுதாயத்துப் பெண்ணொருத்தியைப் பற்றி எத்தனை செய்திகள் நம் கை வழியாகப் போயிருக்கின்றன!

எனவே இன்று முதல் சிலவற்றை உறுதியாக எடுத்துக்கொள்வோம்.

செய்தி வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துவோம். இது நடந்ததா, ஊகமா? முதலில் சொன்னவர் யார்? தேதி என்ன? இவற்றுக்கு விடை இல்லாவிட்டால் அது நம் கையோடு நிற்கட்டும்.

நாம் அனுப்பியது தவறு என்று தெரிந்தால், சத்தமில்லாமல் அழித்துவிட்டு ஒதுங்காமல், அதே குழுவில், அதே மக்களிடம், "நான் அனுப்பியது தவறு" என்று எழுதுவோம். தவ்பாவின் ஒரு பகுதி அது. ஒருவரின் மானம் பறிபோயிருந்தால் அவரிடமும் மன்னிப்புக் கேட்போம்.

நம்மைப் பற்றிப் பொய் எழுதினால் நிருபரைத் திட்டுவதும் மிரட்டுவதும் நம் வழி அல்ல. ஆதாரத்தோடு ஆசிரியருக்கு எழுதுவோம். பத்திரிகைக் கவுன்சிலில் புகார் செய்வோம். நீதிமன்றம் வரை பொறுமையோடு போவோம். அதற்குப் பலன் உண்டு என்பதை மேலே பார்த்தோம்.

நம் ஊர்ப் பள்ளிவாசலின் கணக்கையோ வக்ஃபு நிலத்தையோ பற்றி ஒரு பத்திரிகை உண்மையை எழுதினால், "சமுதாயத்துக்கு எதிரான சதி" என்று கூச்சல் போடாதிருப்போம். அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆவது வசனம், நமக்கே, நம் பெற்றோருக்கே, உறவினருக்கே எதிராக இருந்தாலும் நீதியின் சாட்சிகளாக நிற்கச் சொல்கிறது. பத்திரிகைச் சுதந்திரம் நமக்குக் கசக்கும்போதுதான், அதை நாம் உண்மையிலேயே விரும்புகிறோமா என்பது தெரியும்.

நம் பிள்ளைகளில் எழுத்தாற்றல் உள்ளவர்களை இந்தத் துறைக்கு அனுப்புவோம். 1857-ல் 'டில்லி உர்தூ அக்பார்' ஏட்டின் ஆசிரியர் மவ்லவி முஹம்மத் பாக்கிர் அவர்களை ஆங்கிலேயர் கொன்றார்கள். 1912-ல் மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் கல்கத்தாவில் 'அல்ஹிலால்' தொடங்கினார்கள். ஆங்கிலேய அரசின் பத்திரிகைச் சட்டம் அதை மூட வைத்தது. உண்மைக்காகப் பேனா பிடித்த ஆலிம்களின் வரலாறு நமக்கு உண்டு. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, வேறு யாரோ நம்மைப் பற்றி எழுதுவதைக் குறை சொல்லிக்கொண்டு மட்டும் இருப்பது போதாது.

அன்பானவர்களே! சாட்சி சொல்பவருக்கு வாய் திறக்கும் உரிமையும் வேண்டும்; அல்லாஹ்வின் அச்சமும் வேண்டும். உரிமை பறிபோனால் அநியாயக்காரன் தப்புகிறான். அச்சம் போய்விட்டால் அப்பாவி அகப்படுகிறான். இரண்டிலும் நசுங்குவது பலவீனமானவர்தான்.

யா அல்லாஹ்! எங்கள் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து பாதுகாப்பாயாக! உண்மைக்காகச் சிறையிலும் ஆபத்திலும் இருப்பவர்களுக்கு விடுதலை தருவாயாக! பொய்ச் செய்தியால் வாழ்வு இழந்தவர்களுக்கு ஈடு செய்வாயாக! கேட்டதை விசாரிக்கவும், தவறினால் வாசலில் நின்று திருத்திச் சொல்லவும் எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!